அந்த முப்பதாயிரத்தைக் கட்டுவதற்கு முன்னால்

அண்ணா, அம்மணியின் ஆராய்ச்சிக் கட்டுரையை ஜர்னலில் (ஆய்விதழில்) போட்டுத் தருவதாக வந்து, நீங்கள் அனுப்பிவிட்ட வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தேன். "மூன்று நாளில் அக்செப்டன்ஸ் லெட்டர், ஐஎஸ்எஸ்என் உண்டு, கேர் லிஸ்ட் ஜர்னல், 30,000 ரூபாய்." மஞ்சள் விற்ற காசு கையில் இருக்கிறது, அம்மணியின் பிஎச்.டி. நின்றுவிடக் கூடாது, கட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கட்டாதீங்க.

கேர் லிஸ்ட் என்பது நம்பகமான இதழ்கள் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வைத்திருந்த பட்டியல்; அது பழைய கதை. 2025 பிப்ரவரியில் யுஜிசி அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டது. ஐஎஸ்எஸ்என் என்பது இதழுக்குக் கொடுக்கும் அடையாள எண், வண்டி நம்பர் மாதிரி; பிரேக் பிடிக்குமா என்று அது சொல்லாது.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஜர்னலில் கட்டுரை வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் யுஜிசி 2022 விதிமுறையில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தன் பங்குக்குக் கேட்கலாம். அதனால் அம்மணி பதிவு செய்த வருஷத்துக்கு எந்த விதி பொருந்தும் என்று ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சீனியர் அக்கா சொன்னது விதி ஆகாது.

ஏலத்தில் வியாபாரி உங்கள் சாம்பிள் விரலியை முறித்துப் பார்த்துத்தானே விலை போடுகிறார்? கட்டுரைக்கும் அப்படித்தான். துறை தெரிந்த இரண்டு மூன்று பேர் படித்து, இந்த அட்டவணை ஏன் இப்படி இருக்கிறது, அந்தச் சோதனையை எத்தனை முறை செய்தீர்கள் என்று கேட்டு அனுப்புவார்கள். பதில் எழுதித் திருத்த மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் லெட்டர் வருகிறதென்றால் யாரும் முறித்துப் பார்க்கவில்லை.

பணம் கேட்பதே மோசடி என்றும் சொல்ல மாட்டேன். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கிற நல்ல திறந்த அணுக்க இதழ்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன, கட்டுரை தேறிய பிறகு. கட்டணமே வாங்காத இதழ்களும் நிறைய உண்டு. திறந்த அணுக்க இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே தளத்தில் தேடினால் கட்டணம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆய்விதழ்களைத் தொகுத்து வைக்கும் ஸ்கோபஸில் தங்கள் இதழ் இருக்கிறது என்று சொன்னால் ஸ்கோபஸ் தளத்துக்கே போய்ப் பாருங்கள், அவர்கள் அனுப்பும் லிங்கில் போகாதீர்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறார்கள்.

உங்கள் செய்தியின் கடைசி வரிதான் என்னைப் பயமுறுத்தியது: "கட்டுரையும் நாங்களே எழுதித் தருவோம்." அம்மணி செய்யாத சோதனைக்கு அம்மணி பேரில் முடிவு வரும். அவர்கள் எழுதித் தருவது எங்கிருந்தோ காப்பி அடித்ததாகவும் இருக்கலாம்; யுஜிசியின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பி இருந்தால் பதிவே ரத்து. பட்டம் வாங்கியபின் தெரிந்தாலும் விடமாட்டார்கள். இந்திய ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கும் சோத்கங்கா தளத்தில் ஆய்வேடு ஏறிவிட்டால் ஊரே திறந்து பார்க்கலாம்.

நானும் ஒரு காலத்தில் அப்படிக் காசு கட்டியவன்தான். விரிவுரையாளர் நேர்காணலில் ஒரு பேராசிரியர் அந்த இதழின் பெயரைத் தட்டிப் பார்த்தார். தளமே இல்லை. என் ஃபைலை மூடித் திருப்பித் தந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மணியை லேப்டாப்போடு கூட்டிட்டு வாங்க. கைடு அவசரப்படுத்துகிறார் என்றீர்களே, அவருக்கு மரியாதையாக ஒரு மெயில் எழுதுவோம். எந்த இதழ், ஏன் அந்த இதழ் என்று அவரையே எழுத்தில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.