தொங்கும் நீல ஸ்ப்ரூஸ் பெங்களூருவில் பிழைக்குமா?

பெங்களூரு தமிழ் அன்பர்களின் தோட்டக் கேள்விகளுக்கு நம் குழுவின் மூத்த தோட்டக்காரர் பதில் சொல்கிறார்.

ஜெயநகர்: சார், அமெரிக்காவில் டென்வரில் மகள் வீட்டு வாசலில் சாம்பல் நீல நிறத்தில், அருவி மாதிரி கிளை தொங்கும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தைப் பார்த்தேன். பெங்களூருவும் குளுகுளு ஊர்தானே, இங்கே வளருமா?

பதில்: வளராது. பெங்களூரு குளிர்ந்த ஊர் என்பது சென்னைக்காரர் போடும் கணக்கு. அந்த மரத்தின் கணக்கு வேறு. அது அமெரிக்காவின் ராக்கி மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1800 முதல் 3000 மீட்டர் உயரத்தில் பிறந்தது. பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்கும். நாம் இருப்பது ஏறக்குறைய 920 மீட்டரில். இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1884 ஜனவரியில் வந்த 7.8 டிகிரிதான். ஏசி அறையில் வைத்தாலும் நடக்காது, வெளிச்சம் போதாது. வாங்கிய செடி சில மாதம் பச்சையாக நிற்கும், நமக்கும் நம்பிக்கை வரும். அப்புறம் உள்ளிருந்து ஊசி இலைகள் காய்ந்து கொட்ட ஆரம்பிக்கும்.

ஒயிட்ஃபீல்ட்: அண்ணா, ஆன்லைனில் இதன் விதை விற்கிறார்கள். தொட்டியில் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: பணத்தை மிச்சம் பிடியுங்கள். விதை நிஜமாகவே ஸ்ப்ரூஸ் விதையாக இருந்தாலும், முளைப்பது பெரும்பாலும் நிமிர்ந்து வளரும் சாதாரண மரமாகத்தான் இருக்கும். நீலம்கூட ஒன்றுபோல் வராது. தொங்கும் ரகங்களை ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள்.

அல்சூர்: அமெரிக்காவிலிருந்து சின்னக் கன்று ஒன்றைப் பெட்டியில் எடுத்து வந்தால்?

பதில்: வேண்டாம். வெளிநாட்டுச் செடிக்கு 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்.

ஜெயநகர்: சரி சார், மகள் அங்கேயே ஒன்று நடப்போகிறாள். அவளுக்காவது வழி சொல்லுங்கள்.

பதில்: டென்வர் என்றால் கவலையில்லை, அது இருக்கும் கொலராடோவின் மாநில மரமே நீல ஸ்ப்ரூஸ்தான். நாள் முழுக்க வெயில் படும், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

முக்கியமான வேலை குச்சி கட்டுவது. இந்த ரகத்துக்குத் தானாக நிமிரத் தெரியாது. விட்டால் தரையில் படர்ந்துவிடும். நடுத்தண்டை உறுதியான கம்பத்தோடு தளர்வாகக் கட்டி, எந்த உயரம் வேண்டுமோ அதுவரை ஏற்ற வேண்டும். அதன்பின் நுனியைக் கட்டாமல் விட்டால் தானே கவிழ்ந்து தொங்கும். எட்டடியா, நான்கடியா என்பது அவள் இஷ்டம். கட்டு தண்டில் பதியாதபடி வருடா வருடம் அவிழ்த்துக் கட்ட வேண்டும். ஒட்டுக்குக் கீழே நேராகக் கிளம்பும் துளிரை உடனே கிள்ளிவிட வேண்டும், அது ஒட்டுக்கு வேர் தரும் அடிச்செடியின் துளிர். கத்தரிக்கும்போது ஊசி உள்ள பகுதியோடு நிறுத்தணும். ஊசியில்லாத பழைய கட்டையில் மறுபடி துளிர் வராது.

இந்திராநகர்: சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திப் பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் அடிக்கலாம்தானே?

பதில்: நம் செடிகளுக்கு அடியுங்கள், நீல ஸ்ப்ரூஸுக்கு வேண்டாம். அந்த நீலம் ஊசியின் மேல் படிந்த மெழுகுப் பூச்சு. எண்ணெய் பட்டால் அது போய், அந்த ஊசிகள் வெறும் பச்சையாகத் தெரியும். புது ஊசி வரும்வரை அப்படித்தான். சிலந்திக்குக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போதும்.

கோரமங்களா: ஊட்டியில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. அங்கே?

பதில்: 2240 மீட்டர், டிசம்பர், ஜனவரியில் உறைபனியும் உண்டு. ஆனால் அது விடியற்காலைப் பனி. பத்து மணிக்கு வெயில் வந்துவிடும். கொலராடோ மாதிரி மாதக்கணக்கில் நிற்காது. கொலராடோவில் கோடையில் பகல் 15 மணி நேரம், நமக்கு 13கூட எட்டாது. போதாததற்குப் பருவமழை ஈரம் வேறு. ஆசைக்கு ஒன்று வைக்கலாம், தோட்டத்தின் நடுநாயகமாக வைக்காதீர்கள்.

மல்லேஸ்வரம்: அப்போ பெங்களூருவில் அந்த அழகுக்கு வழியே இல்லையா?

பதில்: தொங்கலும் நீலமும் ஒரே மரத்தில் வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள், நிறைய வழி இருக்கிறது. தொங்கலுக்கு முதலில் நெட்டிலிங்கம். அடுக்குமாடி மதில் ஓரமாக வரிசை கட்டி நட்டு அதைக் கேவலப்படுத்திவிட்டோம். புல்தரை நடுவில் தனியாக ஒன்றை வைத்துப் பாருங்கள், கிளை அத்தனையும் தண்டை ஒட்டிக் கீழே இறங்கும். பூவும் வேண்டுமென்றால் தொங்கும் பாட்டில்பிரஷ். இளசாக இருக்கையில் குச்சி கட்டி நிமிர்த்தினால் வடிவம் நன்றாக வரும். நீலத்துக்கு பிஸ்மார்க் பனை. வெள்ளி கலந்த நீல விசிறி, வெயிலுக்கு அசராது. ஆனால் முப்பதுக்கு நாற்பது மனையில் வைத்தால் வீட்டுக்குள் போக வழி இருக்காது. இடம் குறைவா? தொட்டியில் ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடி வையுங்கள், நீலச்சாயல் உள்ளதாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

பனசங்கரி: நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று ஒன்று தருகிறார்களே, அது ஸ்ப்ரூஸா?

பதில்: இல்லை, பெரும்பாலும் அராகேரியா என்ற வேறு ஊசியிலை மரம். வாங்குவதற்கு முன் லால்பாக் போய் அங்கே வளர்ந்து நிற்கும் அராகேரியாக்களை அண்ணாந்து பாருங்கள். தொட்டியில் சில வருடம் அழகாக இருக்கும். தரையில் நட்டால் மாடி வீட்டைத் தாண்டிப் போகும், நுனியை வெட்டினால் வடிவமே கெட்டுவிடும்.