தலைக்கு எண்ணெய் வைக்காமல் கூட்டிவாருங்கள்

கேள்வி: என் பேரனுக்கு 9 வயது. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டிக்கு ஆபரேஷன், கதிர்வீச்சு, கீமோ முடிந்து ஒரு வருஷம். இப்போது தலைவலி, இடது கால் இழுக்கிறது. 'ரேடியேஷன் நெக்ரோசிஸ்' என்கிறார்கள். ஆக்சிஜன் அறை வைத்தியம் செய்யலாமா? வீட்டில் வைக்கும் கூடாரம் விற்கிறார்களாமே?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஆச்சி. கதிர்வீச்சால் கருகிய மூளைத் திசுவும் (அதுதான் ரேடியேஷன் நெக்ரோசிஸ்) திரும்பி வந்த கட்டியும் சாதா எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுபோலவே தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. அல்லது திசுவின் செயல்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேன் பார்த்தார்களா, கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு, துளி திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் முடிவு சொல்லும்.

நெக்ரோசிஸ்தான் என்றால் முதல் மருந்து, வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன். அது போதாதபோது பெவாசிஸுமாப் என்ற ஊசி மருந்து. ஆக்சிஜன் அறை இவற்றோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகள் சிறியவை. பலன் கிடைக்கலாம், உறுதி சொல்ல முடியாது.

கதிர்வீச்சு நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. அறையில் 2 முதல் 2.5 மடங்கு காற்றழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால், ரத்த நீரில் கரையும் ஆக்சிஜன் 10 மடங்குக்கு மேல் கூடும். புதுக் குழாய்கள் முளைக்க அது தூண்டுதல். ஒரு முறைக்கு சுமார் 90 நிமிடம், வாரம் 5 நாள், 20 முதல் 40 முறை. தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வந்தால் பிள்ளை துவண்டுவிடுவான். அறை இருக்கும் ஊரிலேயே தங்குங்கள். வீட்டுக் கூடாரத்தில் அழுத்தம் சுமார் 1.3 மடங்குதான். இந்த நோய்க்கு அது ஆகாது, வாங்காதீர்கள்.

அடிக்கடி வரும் தொல்லை காதுவலி. அழுத்தம் ஏறும்போது மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். வலித்தால் உடனே சொல்லட்டும், ஏற்றுவதை நிறுத்துவார்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அன்று வேண்டாம். அதிக ஆக்சிஜனால் வலிப்பு வரலாம். அதனால்தான் இடையிடையே 5 நிமிடம் சாதாரணக் காற்று கொடுக்கிறார்கள். வலிப்பு மாத்திரை தவறவே கூடாது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுத்திருந்தால் அந்த விவரத்தையும் கடைசி டோஸ் தேதியையும் அறை டாக்டரிடம் சொல்லுங்கள். அதனால் காது மந்தமாகி கேட்கும் கருவி வைத்திருந்தால், உள்ளே போகுமுன் கழற்றவேண்டும். வலித்தால் காட்டவேண்டிய சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருந்தால் அதைச் சரிசெய்யும்வரை உள்ளே விடவே கூடாது.

பயப்படவேண்டியது தீ. ஆக்சிஜன் நிறைந்த அறையில் சிறு பொறியும் சட்டெனப் பற்றிக்கொள்ளும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கம் இருந்தாலும், வைத்தியம் முடியும்வரை தலையில் நல்லெண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். பவுடர், வாஸ்லின், தாயத்து, பேட்டரி பொம்மை, செல்போன் எதுவும் உள்ளே போகக்கூடாது. பெரிய அறையில் அம்மாவும் கூட உட்கார்வதாக இருந்து, ஆஸ்பத்திரி உடை தராவிட்டால், பட்டோ பாலியஸ்டரோ கூடாது. கலப்பில்லாத நூல் கண்டாங்கியைக் காட்டி அனுமதி கேளுங்கள்.