கேம் கேள்வி–பதில்: குழியில் ஒரு சாவி, கூடையில் ஒரு பூட்டு

கேள்வி: நின்டெண்டோ ஸ்விட்சில், செல்டா வரிசை கேமான ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ பழைய பதிப்பை ஆடுகிறேன். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கடக்கும் வாட்டர் டெம்பிள் கட்டத்தில் ஒரு சாவி குறைகிறது. மூன்று நீர்மட்டத்திலும் தேடிவிட்டேன்.
– வாசகர், குன்னூர்

பதில்: நடுக்கோபுரத்தின் அடியைப் பாருங்கள். தண்ணீரை முழுக்க இறக்கிய பின், கோபுரத்துக்குள் முக்கோணச் சின்னம் இருக்கும் இடத்தில் செல்டாவின் தாலாட்டை (ஒக்கரினாவில் வாசிக்கும் பாட்டு) வாசித்தால் நீர் நடு மட்டத்துக்கு ஏறும். கீழே கிடந்த கட்டையும் மிதந்து வரும். நம் கண் மேலே கதவைத் தேடுவதால், கட்டை இருந்த இடத்தில் திறந்த குழியைக் கவனிக்க மாட்டோம். இரும்பு பூட்ஸ் மாட்டி அதற்குள் இறங்குங்கள். நீருக்கடியில் வாள் உதவாது, சங்கிலியில் பாய்ந்து பிடிக்கும் கொக்கியான ஹூக்‌ஷாட்தான். சோரா உடையும் வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு தீர்ந்துவிடும்.

1998-ல் வந்த இந்தப் பதிப்பில் பூட்ஸ் மாற்ற ஒவ்வொரு முறையும் மெனுவுக்குப் போக வேண்டும். 2011-ல் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்-க்கு வந்த பதிப்பில் அதைப் பட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல திருத்தம்.

கேள்வி: தேயிலை ஃபேக்டரியை டஞ்சனாக (புதிர்களும் பூட்டிய கதவுகளும் நிறைந்த கட்டடமாக) வைத்து ஒரு கேம் செய்கிறேன். ஆடிப் பார்த்தவர்கள், “எல்லா கேமிலும் இருக்கும் அறைகள்தானே” என்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, கோத்தகிரி

பதில்: ஃபேக்டரி சுவரில் மட்டும் இருக்கிறது, புதிரில் இல்லை. வாட்டர் டெம்பிளில் தண்ணீரே பூட்டு. உங்களுக்கு இலையின் எடை இருக்கிறது. பறித்த இலையில் முக்கால் பங்கு தண்ணீர். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலைதான் ஒரு கிலோ தூளாகிறது. ஆகவே ஒரு கூடைக்குப் பச்சையில் 4, வாட்டியபின் 3, டிரையரில் காய்ந்தபின் 1 என்று எடை கொடுங்கள். அந்தக் கூடை லிஃப்டுக்கு எதிர்ப்பாரம், அதாவது மறுமுனையில் தொங்கும் எடை: கூடை இறங்கினால் லிஃப்ட் ஏறும். 4 வைத்தால் ஆட்டக்காரர் மாடிக்குப் போவார், 3 வைத்தால் நடுத்தளம், 1 என்றால் லிஃப்ட் தரையிலேயே நிற்கும்.

சிக்கல் ஒன்று வரும். வாட்டிய இலை திரும்பப் பச்சையாகாது. நடுத்தளத்தில் 1 எடைக் கூடையோடு நிற்பவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். லிஃப்ட் நிற்கும் ஒவ்வொரு தளத்திலும் எடுக்க எடுக்கக் குறையாத பச்சை இலை மூட்டை ஒன்றை வைத்துவிடுங்கள். வாட்டும் தொட்டியின் ஃபேன் சுவிட்சை லிஃப்ட் தெரியும் ஜன்னலுக்கு எதிரே வையுங்கள். கூடை மேலே போவதைக் கண்ணால் பார்த்தால்தான் எதனால் எது நடந்தது என்று புரியும்.

நொதிக்கும் அறையில் எடையை விட்டுவிடுங்கள், அங்கே நிறம்தான் விஷயம். இலை பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும் வரைதான் கதவு திறந்திருக்கும் என்று வையுங்கள். தனியாகக் கடிகாரம் காட்டத் தேவையில்லை.

சாவிகள் மூன்று போதும். ஆட்டக்காரர் ஒவ்வொரு சாவியையும் தவறான கதவில் செலவழிப்பதாக வைத்துக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அப்போதும் அடுத்த சாவிக்கு வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கதவின் பூட்டை எடுத்துவிடுங்கள்.