ஐரோப்பா போருக்குத் தயாராகிறதா? – கடிதம்

வணக்கம் சார்,

என் மகள் லிதுவேனியாவில், வில்னியஸில் முதுகலை படிக்கிறாள். ஜெர்மனி அங்கே ஒரு படைப்பிரிவையே கொண்டுவந்து நிறுத்துகிறதாம். ஐரோப்பிய நாடுகள் எல்லாம் ஆயுதம் வாங்கிக் குவிக்கின்றன. 1914-இல் சரயேவோவில் சுட்ட குண்டு உலகப்போரில் போய் முடிந்ததே, உக்ரைன் போரும் அப்படிப் பரவிவிடுமா? அவளைத் திரும்பி வரச் சொல்லலாமா?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

வில்னியஸிலிருந்து ரஷ்யாவின் கூட்டாளியான பெலாரஸின் எல்லை ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். நீங்கள் பயப்படுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் 1914 ஒப்பீடு எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்று ராணுவங்கள் அளவுக்கு மீறித் தயாராக இருந்தன. ரஷ்யா முழுமையாகப் படைதிரட்டி முடிப்பதற்குள் பெல்ஜியம் வழியாகப் போய்ப் பிரான்ஸை முடித்துவிட வேண்டும் என்பது ஜெர்மனியின் திட்டம். அதனால் ரஷ்யா படைதிரட்ட ஆரம்பித்ததும் ஜெர்மனிக்குக் காத்திருக்க நேரமில்லை. ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மன் பேரரசர் கைசரே படையைக் கிழக்கே திருப்பச் சொன்னபோது, தளபதி மோல்ட்கே முடியாது என்றுவிட்டார். ரயில் அட்டவணை போட்டாகிவிட்டது!

இன்று நிலைமை தலைகீழ். லிதுவேனியாவின் தண்டவாளங்கள் பெரும்பாலும் ரஷ்யக் காலத்து 1520 மில்லிமீட்டர் அகலம், போலந்தில் 1435. மீட்டர்கேஜும் பிராட்கேஜும் சந்தித்த இடங்களில் நம்மூரில் சரக்கை இறக்கி ஏற்றினார்களே, அந்தப் பாடுதான் அங்கே டாங்கிக்கும். ஒரே அகலப் பாதைக்கான ரயில் பால்டிகா திட்டத்துக்கு 2030 வரை கெடு. உக்ரைனுக்கு 2024 மார்ச்சுக்குள் 10 லட்சம் பீரங்கிக் குண்டு தருவோம் என்றது ஐரோப்பிய ஒன்றியம். கெடு முடிந்தபோது பாதிதான் போயிருந்தது. நீங்கள் சொல்லும் ஜெர்மன் பிரிகேடும் 2023-இல் அறிவித்தது, சுமார் 5000 பேருடன் முழுசாக நிற்பது 2027-இல்தான்.

என் கவலை இந்த மந்தத்தைப் பற்றித்தான். ரஷ்யாவின் கலினின்கிராடுக்கும் பெலாரஸுக்கும் நடுவே, போலந்து–லிதுவேனியா எல்லையில், சுவால்கி என்ற குறுகிய நிலப்பட்டை இருக்கிறது. லிதுவேனியாவுக்குத் தரைவழி உதவி அது வழியாகத்தான் வரவேண்டும். 'இவர்கள் நேரத்துக்கு வந்து சேரமாட்டார்கள்' என்று மாஸ்கோ கணக்குப் போட்டால் ஆபத்து. 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில் பாதுகாப்புக்குச் செலவிடுவதாக நேட்டோ நாடுகள் ஒப்புக்கொண்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம். அதில் 1.5 சதவீதம் பாலம், சாலை போன்றவற்றுக்கும் போகலாம். டாங்கியைவிட அந்தப் பணம்தான் முக்கியம் என்பேன். (மெசினா நீரிணைப் பாலத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று இத்தாலியில் பேச்சு அடிபட்டது. அரசாங்கம் எங்கும் அரசாங்கம்தான்.)

சரி, தீப்பொறி விழுந்தால்? ஏற்கெனவே விழுந்திருக்கிறது. 2022 நவம்பரில் போலந்தின் பிஷெவோடுவ் கிராமத்தில் ஏவுகணை விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். ரஷ்யாவுடையது என்று செய்தி பரவியது. வார்சா அவசரப்படவில்லை. மறுநாளே, அது உக்ரைனின் வான்பாதுகாப்பு ஏவுகணையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று போலந்தும் நேட்டோவும் சொல்லிவிட்டன. ஒரு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கருதும் நேட்டோவின் ஐந்தாம் விதியும் யாரையும் தானாகப் போருக்குள் இழுத்துவிடாது. என்ன செய்வது என்பதை ஒவ்வொரு நாடும் தீர்மானிக்கலாம். யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. எதிராளிக்குச் சந்தேகம் வரவும் அதுவே இடம் தருகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மகளை இப்போது கூப்பிட வேண்டாம், படிப்பை முடிக்கட்டும். வில்னியஸில் நம் தூதரகம் இருக்கிறது, பெயரைப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், பக்கத்துப் பதுங்கிடம் எது என்று அரசு வெளியிட்டுள்ள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளட்டும். 72 மணி நேரத்துக்கான தண்ணீர், உணவு, மருந்தை வீட்டில் வைத்திருக்கச் சொல்லி அங்குள்ள எல்லோருக்குமே அரசு அறிவுறுத்தியிருக்கிறது. அவளும் வைத்திருக்கட்டும்.