காலையிலேயே இருமி முடித்துவிடுங்கள், அண்ணே

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 68. கப்பல் பட்டறையில் 31 வருடம் சாயம் அடித்தேன். சிகரெட்டை விட்டு ஏழு வருடம் ஆகியும் இருமல் நிற்கவில்லை. காலையில் சளி, படியேறினால் இளைப்பு. போன வருடம் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு ‘சிஓபிடி’ என்றார்கள், மூச்சுக்குழாய் குறுகிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோயாம். தாளில் 52 விழுக்காடு என்று இருந்தது. பாதி நுரையீரல் போய்விட்டதாம். இரண்டு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள், மூச்சு முட்டும்போது மட்டும் இழுப்பேன். மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்திக்கு ஏழு மாதம். நான் இருமினால் மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். மகன் சமையலறை ஜன்னலோரம் நின்று சிகரெட் பிடிப்பான், அப்போது இருமல் இன்னும் கூடும். எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போகிறார். அந்த வெட்கத்தில் இந்த வருடம் பங்குனி உத்திரத்துக்குக்கூடப் போகவில்லை. இருமலை அடியோடு நிறுத்த மருந்து உண்டா?
— பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உங்களைவிட நாலு வயது இளையவள் நான். அதனால் அண்ணே என்றே எழுதுகிறேன்.

எனக்கும் இருமல் உண்டு. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தபோது ஆறு வயதில் கக்குவான் இருமல் வந்தது. அது இடது நுரையீரலின் அடிப்பக்கத்துக் குழாய்களைத் தளர்த்திவிட்டுப் போயிருந்தது. 38 வயதில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ‘பிராங்கியெக்டேசிஸ்’ என்று அதற்குப் பெயர். 2003ல் சார்ஸ் தொற்றுநோய் வந்தபோது தாதிச் சீருடையோடு பேருந்தில் ஏறினாலே மக்கள் ஒதுங்கினார்கள். நான் இருமும் தாதி. ஒருநாள் பாதி வழியில் இறங்கி, வீடு வரை அழுதுகொண்டே நடந்தேன். பக்கத்து இருக்கை காலியாகும்போது உங்கள் நெஞ்சில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும், அண்ணே.

இருமலை அடியோடு நிறுத்தும் மருந்து இல்லை. இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் உண்டு. தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. பல வருடப் புகையில் அவை நசிந்துவிட்டன. அந்த வேலையை இப்போது இருமல்தான் செய்கிறது. இருமலை அமுக்கும் மருந்தைக் குடித்துப் படுத்தால் சளி உள்ளேயே தங்கும், கிருமி குடியேறும். அதிலும் கோடீன் கலந்த மருந்து மூச்சையே மந்தமாக்கும். யார் கொடுத்தாலும் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

நிறுத்த முடியாததற்கு நேரம் குறிக்கலாம். நான் தினமும் குயில் கூவத் தொடங்கும் முன் எழுந்துவிடுவேன். ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, சற்று நேரம் சாதாரண மூச்சு. பிறகு நெஞ்சு விரிய மூன்று நான்கு முறை ஆழமாக இழுத்து, ஒவ்வொரு முறையும் மூன்று வினாடி நிறுத்தி மெல்ல விடுவேன். அதன்பின் வாயை அகலத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவோமே, அப்படி ‘ஹா’ என்று வயிற்றிலிருந்து வேகமாக ஊதுவேன். தொண்டையைக் கிழித்து இருமுவதில்லை. இரண்டு ஊதலுக்குப் பிறகு மறுபடி சாதாரண மூச்சு. சளி மேலே வந்ததும் ஓர் இருமல் போதும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எட்டு மணிக்கு நான் ரயில் ஏறினால் யாருக்கும் என் நெஞ்சின் கதை தெரியாது. உங்கள் நெஞ்சுக்கு ஏற்றபடி இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர் ஒருமுறை பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பது நல்லது.

அந்த 52ஐப் பற்றி. முழு மூச்சை இழுத்துப் பலமாக ஊதும்போது முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதுதான் அந்த எண். உங்கள் வயதும் உயரமும் உள்ள, நோயில்லாத ஓர் ஆணோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். பாதி நுரையீரல் செத்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. குழாய் குறுகி, காற்று வெளியேற நேரம் எடுக்கிறது. மிதமான நிலை என்று சொல்லும் வரம்புக்குள்தான் நீங்கள் இருக்கிறீர்கள். இழந்தது திரும்பாது. ஆனால் சிகரெட்டை விட்டவருக்கு அதற்குமேல் குறையும் வேகம் வெகுவாகத் தணியும். ஏழு வருடத்துக்கு முன் நீங்கள் எடுத்த அந்த முடிவுதான் இன்றுவரை உங்களைக் காப்பாற்றி வருகிறது.

ஆனால் இன்ஹேலர் விஷயத்தில் உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். அநேகமாக ஒன்று நீல நிறத்தில் இருக்கும். அது அவசரத்துக்கு. மற்றது மூச்சு முட்டினாலும் முட்டாவிட்டாலும் தினமும் இழுக்க வேண்டியதாகவே இருக்கும், ஒட்டியுள்ள தாளைப் பாருங்கள். அதை முட்டும்போது மட்டும் இழுப்பது, மழை பெய்தபின் கூரை வேய்வது மாதிரி. அழுத்தி இழுக்கும் வகை என்றால் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக உள்ளிழுத்து, பத்து வரை எண்ணி அடக்க வேண்டும். பொடி வகை என்றால் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்தது என்றால் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும்.

இனி வீட்டு விஷயம். உங்கள் மருமகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏழு மாதப் பிள்ளையின் தாய் பயப்படத்தான் செய்வாள். சிஓபிடி யாருக்கும் தொற்றாது. ஆனால் உங்கள் நெஞ்சில் பழைய காசநோய் எதுவும் விழிக்கவில்லை என்பதை எக்ஸ்ரேயும் சளிச் சோதனையும் சொன்னால்தான் அவளுக்கு நிம்மதி. ஏற்கெனவே செய்திருந்தால் முடிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்கு அவளையும் அழைத்துப் போங்கள். நீங்கள் நூறு முறை சொல்வதைவிட மருத்துவர் வாயால் ஒருமுறை அவள் கேட்கட்டும். சளிக்காய்ச்சல் தடுப்பூசியை வருடந்தோறும் போட்டுக்கொள்ளுங்கள், நிமோனியா ஊசியையும் கேளுங்கள். அது உங்களுக்கும் காப்பு, பேத்திக்கும் காப்பு.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலக வேண்டியது தாத்தாவின் இருமலிடமிருந்து அல்ல. சமையலறை ஜன்னலிடமிருந்து. நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள், நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்தால் புகை முழுக்க வெளியே போய்விடாது. வீட்டுப் புகையில் வளரும் குழந்தைகளுக்குக் காதுத் தொற்று, மார்ச்சளி, ஆஸ்துமா எல்லாம் கூடுதலாக வருகின்றன. புளோக் கீழ்த்தளத்திலும் பொதுத் தாழ்வாரத்திலும் புகைக்கச் சட்டம் தடை போட்டிருக்கிறது. வீட்டுக்குள் அந்தச் சட்டம் வராது, அப்பாதான் சொல்ல வேண்டும். 31 வருடச் சாயத்தையும் புகையையும் நெஞ்சில் சுமப்பவர் நீங்கள். அந்த 52 எழுதிய தாளை அவன் கையில் கொடுத்துப் பேசுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தியையும் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இளைக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். உட்கார உட்காரக் கால் தசை கரையும், பிறகு நாலடி நடந்தாலே இளைக்கும். ஈசூன் குளப் பூங்காவில் மேடு பள்ளம் அதிகமில்லாத நடைபாதை இருக்கிறது. மூக்கால் இழுத்து, சூடான கோப்பியை ஊதி ஆற்றுவது போல உதட்டைக் குவித்து இரு மடங்கு நேரம் விட்டு நடங்கள். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள். புகைமூட்ட நாளில் மட்டும் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நடங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சிஓபிடிக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். 1950களில் பிறந்தவர் என்பதால் உங்களிடம் அரசு கொடுத்த மெர்டேக்கா தலைமுறை அட்டை இருக்கும், சாஸ் என்ற மருத்துவ உதவித் திட்டத்தில் உள்ள மருந்தகங்களில் அதைக் காட்டுங்கள்.

சளியில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, பழகிய இருமலின் தன்மையே மாறுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். புகைத்தவர்களுக்குப் புற்றுநோயையும் பார்த்தாக வேண்டும். சளி கூடி, பச்சையாகி, இளைப்பும் ஏறினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தூக்கக் கலக்கமாக வந்தாலோ ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போங்கள், அண்ணே. கற்பூரப் புகை சூழாத ஓரமாக நில்லுங்கள். நீல இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும். அதற்கு முன்பாக, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு இன்ஹேலரையும் கொண்டுபோய், அங்கே இருக்கும் தாதி முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். என் பணிக்காலத்தில் அப்படிக் காட்டியவர்களில் பலருக்கு ஏதாவது ஒன்றைத் திருத்த வேண்டியிருந்தது.