ஒளி சிகிச்சை கொடுத்தால் மிச்சப் புற்றை உடம்பே விரட்டிவிடுமா?

“ஒளி சிகிச்சையில் கட்டி செத்ததும் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுமாமே, கீமோவை நிறுத்திவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். யாருக்கு என்று சொல்லவில்லை. வீட்டில் யாருக்கோ என்றுதான் தோன்றுகிறது. பொழுதுபோகாமல் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

நிறுத்தாதீர்கள். இனி வருவது என் கதை. நான் மருத்துவன் இல்லை. மருத்துவர்கள் யாராவது படித்தால் பிழையைத் திருத்துங்கள், அடிக்க வராதீர்கள்.

அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்று. தண்ணீர்கூட இறங்காத நிலை. போர்ஃபைமர் சோடியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி, இரண்டு நாள் கழித்து எண்டோஸ்கோப்பி வழியாக மெல்லிய இழையை இறக்கி 630 நானோமீட்டர் சிவப்பு லேசரைக் காட்டினார்கள். இதைத்தான் ஒளி சிகிச்சை என்கிறார்கள். ஒளி பட்டதும் அந்த மருந்து பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை உசுப்பிவிடும். அதுதான் செல்லைக் கொல்கிறது. ஒளி போகும் ஆழம் சில மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர். செத்த சதையை எடுத்த பிறகு அப்பா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஒவ்வொரு மிடறுக்கும் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

அதன்பின் குறைந்தது 30 நாள் வெயில் படக்கூடாது. நான் அதிபுத்திசாலி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி பல்பையும் கழற்றிவிட்டேன். நர்ஸ் போனில் திட்டினார்: அறை வெளிச்சம் இருக்கவேண்டும், அதில்தான் தோலில் தங்கிய மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப்போகும். சன்ஸ்கிரீன் தடவினாலும் பயனில்லையாம், இங்கே எதிரி கண்ணுக்குத் தெரியும் ஒளியே.

பல்பை மாட்டினேன். பார்க்க வந்த அக்கா வீட்டுக்காரர், “மனுஷனுக்கு மூச்சு முட்டாதா?” என்று திரையை இழுத்துத் திறந்துவிட்டார். பத்து நிமிஷம்தான். அப்பாவின் புறங்கை சிவந்து வீங்கியது. வாட்ச் வார் இருந்த இடம் மட்டும் பட்டையாகத் தப்பித்தது. குடும்பக் குழுவில் தினமும் “எதிர்ப்பு சக்தியே மருந்து” என்று அனுப்புகிறவர் அவர்தான். ஒரு ராத்திரி வந்து படுத்தவரில்லை. “வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாமே” என்று கடைசி நாளில் முதலில் கேட்டவரும் அவர்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த முப்பது நாளும் போனில் படித்துத் தள்ளினேன். நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. இப்படிச் சாகும் செல்கள் சும்மா சாவதில்லை. கால்ரெட்டிகுலின் என்ற புரதத்தை வெளிப்பக்கம் காட்டும், உள்ளிருக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைக் கசியவிடும். அது அபாயச் சங்கு மாதிரி. எதிர்ப்பு சக்தியின் ஒற்றர்களான டென்ட்ரிட்டிக் செல்கள் வந்து துணுக்குகளைப் பொறுக்கி, நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் எதிரியைத் தேடி அழிக்கும் டி செல்களுக்கு அடையாளம் காட்டும். 1996இல் கனடாவில் கோர்பெலிக் குழு எலிகளில் பார்த்தது: நிணநீர்ச் செல்கள் (டி செல்களும் அந்த வகைதான்) இல்லாத எலிகளிலும் ஒளி பட்ட கட்டி முதலில் மறைந்தது, ஆனால் திரும்ப வந்தது. சாதாரண எலிகள் குணமாயின.

இதைப் படித்த வேகத்தில் அப்பாவிடம், “மிச்சத்தை உங்க உடம்பே பார்த்துக்கும்பா” என்றேன். கீமோவைத் தள்ளிப்போடலாமா என்று அவர் கேட்டபோது சரி என்றேன். இரண்டு முறை தள்ளிப்போனது. அந்த எலிக்குத் தோலுக்கடியில் ஒரே கட்டி, முழுக்க ஒளி எட்டும் இடத்தில். அப்பாவுக்குச் செய்தது அடைப்பைத் திறக்க மட்டும். அதை நான் கேட்டே தெரிந்துகொள்ளவில்லை.

மூன்று மாதத்தில் புற்று ஈரலில் தெரிந்தது. “உடம்பு பார்த்துக்கும்னு சொன்னியே?” என்றார். குற்றம் சொல்லவில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். கீமோ சரியாகப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை.

ஒளி சிகிச்சைக்கு நான் எதிரியும் இல்லை. மேலோட்டமான ஆரம்பக்கட்டப் புற்று அதிலேயே குணமாவது உண்டு. புற்றுச் செல்லில் போய் ஒட்டும் ஆன்டிபாடியில், ஒளி பட்டால் வேலை செய்யும் சாயத்தைக் கோத்து அனுப்பும் புதிய வகையை, தலை கழுத்துப் புற்றுக்கு ஜப்பான் 2020இல் அனுமதித்திருக்கிறது.

“குணப்படுத்தவா, அடைப்பைத் திறக்கவா?” என்று ஊசி போடுவதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் பல்பைக் கழற்றாதீர்கள். திரைக்குப் பக்கத்தில் யாரையும் விடாதீர்கள், மாப்பிள்ளையாகவே இருந்தாலும்.