மரக்காலின் அடிப்பலகை

அன்புள்ள ஐயா,

வேதாகமத்தில் தீர்க்கதரிசி ஆமோஸின் புத்தகம் முழுக்கத் தண்டனையைப் பேசுகிறது. விழுந்துபோன தாவீதின் கூடாரம் மீண்டும் எடுத்துக் கட்டப்படும் என்ற நம்பிக்கை கடைசி ஐந்து வசனங்களில்தான் வருகிறது. அவை பிற்காலத்தார் சேர்த்தவை என்கிறார்களே, உண்மையா? ஆமோஸ் போன்றவர்களைச் சிறிய தீர்க்கதரிசிகள் என்கிறார்களே, முக்கியத்துவம் குறைந்தவர்களா? எனக்கு அந்த முடிவுதான் ஆறுதல். மற்றதைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'சிறிய' என்பது நூலின் நீளத்தைக் குறிப்பது, அவ்வளவுதான். கடைசி வசனங்கள் பிற்காலச் சேர்க்கை என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்; அது எனக்கு இடறலாக இல்லை. கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் வீழ்ந்து, பின்னர் எருசலேமும் எரிந்த பிறகு, அந்தச் சுருளை வீசி எறியாமல் அதன் முடிவில் யாரோ ஒருவர் அவ்வரிகளை எழுதினார் என்றால், அவரையும் நான் வணங்குகிறேன்.

'தாண்டிப் போய்விடுகிறேன்' என்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எதைத் தாண்டினீர்கள்? யூதாவின் தெக்கோவா ஊரில் மந்தை மேய்த்தும் காட்டத்தி மரங்களைப் பராமரித்தும் பிழைத்த ஆமோஸ், இரண்டாம் யெரொபெயாம் ராஜாவின் செழிப்பான நாட்களில் வடக்கே இஸ்ரவேல் நாட்டுக்குப் போய், தந்தக் கட்டிலில் சாய்ந்திருந்தவர்களின் முகத்துக்கு நேரே, ஓய்வுநாள் எப்போது முடியும், தானியம் அளக்கும் மரக்காலைக் குறைத்து எப்போது விற்கலாம் என்று காத்திருக்கிறீர்கள் என்று சொன்னதைத் தாண்டியிருக்கிறீர்கள்.

தண்டனையை அறிவிக்கும் சொல்லுக்குள்ளேயே நம்பிக்கை இருக்கிறது என்பதை இன்னொரு சிறிய தீர்க்கதரிசியான மீகாவிடம் பாருங்கள். சீயோன் வயலைப்போல் உழப்படும், எருசலேம் மண்மேடாகும் என்றார் அவர். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, அதேபோல் எச்சரித்த எரேமியா தீர்க்கதரிசியைக் கொல்லத் துணிந்தபோது, தேசத்து மூப்பர் சிலர் எழுந்து அதே வாக்கியத்தை எடுத்துச் சொன்னார்கள்: எசேக்கியா ராஜா மீகாவைக் கொன்றானா? கர்த்தருக்குப் பயந்து மன்றாடினான், தீங்கு விலகியது என்றார்கள். சொன்னபடி அன்று நடக்கவில்லை. ஆயினும் மீகாவைப் பொய்யர் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டவன் திரும்பினான், அதற்காகத்தான் அது சொல்லப்பட்டது. இன்னும் நாற்பது நாளில் நினிவே நகரம் கவிழ்க்கப்படும் என்று அறிவித்த யோனா, அந்நகரம் மனந்திரும்பியபோது கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தாரே, அவருக்குப் புரியாமல் போனது இதுதான். திரும்ப வழியே இல்லாதவனிடம் எவரும் நாற்பது நாள் தவணை சொல்வதில்லை.

என் அப்பா ஒரு தானிய மண்டியில் கணக்கெழுதினார். ஒருநாள் அங்கே என்னை அழைத்துப்போய், மூலையில் இருந்த மரக்காலுக்குள் கையை விடச் சொன்னார். வெளியே அளந்தால் சரியான உயரம். உள்ளே இரண்டு விரல் அளவுக்கு முன்பாகவே என் விரல் நுனி பலகையில் தட்டியது. அடியில் இன்னொரு பலகையை வைத்து அடித்திருந்தார்கள். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் ஆமோஸின் எட்டாம் அதிகாரத்தைத் தொடங்கியவர், 'கள்ளத்தராசினால் வஞ்சித்து' என்ற இடத்தில் குரல் அடைத்து, வேதாகமத்தை மூடிவிட்டார். அந்த மரக்கால் அளந்ததை நாள்தோறும் பேரேட்டில் ஏற்றியது அவர் கைதான்.

நீங்கள் ஆறுதல் தேடும் ஒன்பதாம் அதிகாரத்தை அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டியது, நான்கு மாதம் கழித்து அந்த வேலையை விட்ட அன்றைக்குத்தான்.